காசு மட்டும் இனிக்குது, லினக்ஸ் கசக்குதா?

கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் கூகுள் டிரைவைத்தான் சொல்கிறேன். விண்டோஸுக்கு ஒரு மென்பொருள், மேக்குக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. லினக்ஸ் இயங்குதளம் என்றால் மட்டும் "பிரவுசரில் திறந்துகொள்ளுங்கள்" என்று கையை விரிக்கிறார்கள். எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்! 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளிலும் ஓடுவது லினக்ஸ்தான். எங்கள் மேசைக்கு வந்தால் மட்டும் ஆகாதா?

நேற்று ஹட்டனில் விடாத மழை. காலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் கொடுக்கவேண்டும். உபுண்டு என்ற லினக்ஸில் என் டிரைவ் கணக்கைச் சேர்த்திருந்தேன். கோப்புறை கண்ணுக்குத் தெரியும், ஆனால் எதுவும் ஹார்ட் டிஸ்கில் இறங்கியிருக்காது. சிக்னல் போனது, எல்லாம் போச்சு. திரும்ப வந்ததும் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில் பார்த்தால், "தமிழ் வினாத்தாள்" இருக்கவேண்டிய இடத்தில் வாயில் நுழையாத எழுத்தும் இலக்கமுமாக நீளமான ஒரு பெயர். முப்பது கோப்பும் அப்படித்தான்! எதை எடுப்பது, எதை விடுவது?

பிறகு ஆர்குளோன் (rclone), டிரைவ் கோப்புகளைக் கட்டளை அடித்துக் கணினியில் இறக்க உதவும் இலவச மென்பொருள். அருமையான கருவி, செய்தவர்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் யாரோ சும்மா எழுதிக் கொடுத்ததை வைத்து நாங்கள் நடுராத்திரியில், லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு லயத்து ஜன்னலோரம் சிக்னல் தேடி, கட்டளை கட்டளையாக அடிக்கவேண்டுமா? மாதாமாதம் காசு வாங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? வாங்கும்போது எந்த இயங்குதளம் என்று ஒருநாளாவது கேட்டார்களா?