மாம்பழச் சாற்றில் தண்ணீருக்கு என்ன வேலை?

வீட்டில் மாம்பழச் சாறு செய்வதைப் பற்றி யாரிடம் கேட்டாலும், பேச்சு நேராக மிக்ஸிக்கும் சர்க்கரைக்கும் போய்விடுகிறது. ஒரு பழத்துக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், நான்கு கரண்டி சர்க்கரை, கை நிறைய ஐஸ்கட்டி என்று அளவு சொல்கிறார்கள். அதை மாம்பழ வாசனை ஏற்றிய சர்க்கரைத் தண்ணீர் என்றுதான் நான் சொல்வேன். நன்கு பழுத்த மாம்பழத்தின் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 83 கிராம் நீரும் 14 கிராம் சர்க்கரையும் இயல்பாகவே இருக்கின்றன. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீராகவே உள்ள பழத்தில் மறுபடியும் தண்ணீரைக் கொட்டுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு: பழம் சரியாகப் பழுக்கவில்லை.

ஆகவே சாற்றின் ருசி பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நிறத்தை நம்பக் கூடாது. பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும் வகைகள் பல உண்டு. காம்புப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனால் மணம் வர வேண்டும், கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் சதை சற்றே இடம் கொடுக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத பழத்தை இரண்டு மூன்று நாள் வெளியிலேயே வைத்துக் காத்திருக்கலாம். காயாக இருக்கும்போதே குளிர்பெட்டியில் வைத்தால் அது ஒழுங்காகப் பழுக்காது, மணமும் ஏறாது. முழுதும் பழுத்த பிறகு வைத்தால் கெடுதல் இல்லை.

காம்பை வெட்டும் இடத்தில் கசியும் பாலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மாமரம் முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பால் சிலருக்கு உதட்டோரத்தில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். காம்பு முனையைச் சீவி எறிந்துவிட்டு, பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே நான் தோல் சீவுவேன்.

அடுத்தது மிக்ஸி. நார் இல்லாத பழத்துக்கு அது சரி, ஆனால் நார் மிகுந்த பழத்தை அதில் ஓடவிட்டால் நார் பொடிப்பொடியாக அறுபட்டுச் சாறு முழுவதும் பரவி, எந்த வடிகட்டியிலும் நிற்காமல் தொண்டையில் பிசிராக உறுத்தும். தவிர, நீண்ட நேரம் அரைக்கும்போது காற்று புகுந்து நுரை தள்ளுகிறது, சாறு சூடாகிறது, மாம்பழத்தின் உயிரான அந்த மெல்லிய மணமும் கொஞ்சம் பறந்துவிடுகிறது. அத்தகைய பழத்தை முழுதாக உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டிப் பிசைந்து, உள்ளே சதை கூழாகிவிட்டதை விரல்கள் உணர்ந்ததும், காம்புப் பக்கம் சிறு துளையிட்டு வடிகட்டியின் மேல் பிழிவதுதான் சிறந்த வழி. நார் கொட்டையோடு தங்கிவிடும், சாறு மட்டும் தடித்த பொன்னிழையாக இறங்கும். பிறகு தோலைப் பிரித்துக் கொட்டையை வெளியே எடுத்து, அரை டம்ளர் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் ஒட்டியிருந்த சதையும் வந்துவிடும். சாற்றில் நான் அனுமதிக்கும் தண்ணீர் அது ஒன்றுதான்.

சர்க்கரையை எடுப்பதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு சிட்டிகை உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் மட்டுமே. உப்பு இனிப்பை எடுத்துக் காட்டும். எலுமிச்சையின் புளிப்பு திகட்டலைக் குறைப்பதோடு, சாறு காற்றுப் பட்டுக் கறுப்பதையும் தாமதப்படுத்தும். மிகுந்த குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மட்டாகவே தெரியும் என்பதால், ஐஸ் போட்டவர்கள் பின்னாலேயே சர்க்கரையையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். குளிர்ச்சி வேண்டுமென்றால் பழத்தையே இரண்டு மணி நேரம் முன்னதாகக் குளிரவைத்துப் பிழியலாம். அந்தச் சாற்றை அடி தெளிவதற்குள், ஒரு முறை கலக்கிவிட்டு உடனே குடித்துவிட வேண்டும்.