புளியந்தோப்புத் தெலுங்குப் பிள்ளைகளும் சிறுபான்மை உரிமையும்

தமிழ்நாட்டில் மொழிச் சிறுபான்மையினரின் கல்வி உரிமை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, சிறுபான்மைப் பள்ளிகளின் தரப்பு விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றது. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வட சென்னையில், புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் ஓட்டேரியிலும், வீட்டில் தெலுங்கு பேசும் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் அந்த வழக்குகளில் எங்கும் இல்லை. அவர்கள் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்ந்து, தமிழிலேயே பின்தங்கி, எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நின்றுவிடுகிறார்கள். அதை மொழிச் சிக்கலாக எவரும் எண்ணுவதில்லை; "படிப்பு ஏறலை" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறோம்.

எங்கள் குடியிருப்பில் மாலை ட்யூஷனுக்கு வரும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தமிழ்ப் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் வாசிப்பாள். கவனித்துப் பார்த்தால், அவள் குரல் பத்தியை முடித்திருக்கும்போது விரல் இரண்டாவது வரியிலேயே நின்றுகொண்டிருக்கும். நடுவிலிருந்து ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னால், முதலிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வருவாள். வகுப்பில் அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்றே பதிவாகியிருக்கிறது. இதே பிள்ளை, நான்கு வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்ட சாமான்களைக் கடையில் வாங்கி வந்து, மிச்சக் காசை வீடுவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். அறிவில் குறை என்று சொல்ல வழியில்லை. பள்ளிக்கு வந்த முதல் நாளிலேயே எழுத்தையும் மொழியையும் ஒருசேரக் கற்கச் சொன்னோம். அவளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு எழுத்து மட்டும்தான் புதிது.

இதை முன்கூட்டியே உணர்ந்துதான், 1956-இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. மாநிலத்துக்குள் உள்ள ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது. அதாவது, இந்தப் பிள்ளைகளின் தாத்தா கையில் துடைப்பத்தைக் கொடுத்த அதே சென்னை மாநகராட்சி. (பள்ளியில் முதன்முதலாக இலவச உணவு போட்டதும், 1920-இல், இதே மாநகராட்சிதான். அப்போது அதன் தலைவராக இருந்த தியாகராயச் செட்டியார் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்கு அவர் பெயர்தான்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு 25 விழுக்காட்டு இடங்களை ஒதுக்க வேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்ட விதி சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி, ஒரு தெலுங்குச் சிறுபான்மைப் பள்ளி, அதே மொழி பேசும் தூய்மைப் பணியாளரின் பிள்ளைக்கு இடம் தரச் சட்டப்படி கடமைப்பட்டதல்ல. சிறுபான்மை உரிமை என்று நாம் போற்றுவது, நடைமுறையில், பள்ளி நடத்த வசதி உள்ளவர்களின் உரிமையாகவே முடிந்துவிட்டது. சாதியைத் தள்ளிவைத்துவிட்டு மொழியை மட்டும் பேசினால் இப்படித்தான் ஆகும்.

மறுபுறம், சாதியை மட்டும் பேசுகிறவர்கள் 2009-ஆம் ஆண்டின் உள் ஒதுக்கீட்டைக் காட்டுவார்கள். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர், ஆதி ஆந்திரர், மாதிகா உள்ளிட்ட ஏழு சாதிகளுக்கு 3 விழுக்காடு என்பது மிகச் சரியான முடிவு. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் இந்தப் பிள்ளைகள் அந்த இடத்தைக் கேட்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பூர்வீகம் நெல்லூர் என்று வாய்தவறிச் சொன்ன ஒரு தாயிடம், குடும்பம் 1950-க்கு முன்பே இங்கே வந்ததற்கு ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நான் உடன் இருந்தேன். வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவருக்கு இங்கே பட்டியல் சாதிச் சலுகை கிடையாது என்ற விதி இருப்பது உண்மை. ஆயினும் 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரியும்வரை நெல்லூரும் சென்னையும் ஒரே மாநிலம்தானே? பட்டியல் வெளியான 1950-இல் அந்தத் தாயின் மாமனார் எந்த எல்லையைத் தாண்டி வந்திருப்பார்? குப்பை அள்ள வந்தவரிடம் அன்று யாரும் பத்திரம் கேட்கவில்லை; பேத்தி கல்லூரிக்குப் போக நினைக்கும்போது கேட்கிறார்கள்.

ஆகவே, கல்லூரி வாசலில் தரப்படும் ஒதுக்கீடு தேவையானது என்றாலும், இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வாசலை அடைவதே இல்லை என்பதுதான் என் கவலை. முதல் இரண்டு வகுப்புகளில் தெலுங்கு அறிந்த ஒருவர் உடனிருந்து பாடத்தைப் புரியவைத்தால் போதும். தனிப் பள்ளியும் வேண்டாம், தனிப் பாடநூலும் வேண்டாம். இதே தெருக்களில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்களை நியமிக்கலாம். இப்படிச் செய்தால் தமிழ் பின்னுக்குப் போய்விடும் என்று நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். வாசிக்கத் தெரியாமலே மூன்றாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளையால் தமிழுக்கு என்ன லாபம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். சான்றிதழ் வேலையையும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய அலைச்சலாக விடாமல், சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்திலேயே வருவாய்த் துறையினர் பள்ளிக்கு வந்து முடித்துக் கொடுக்கலாம். தாத்தா பெயர் மாநகராட்சியின் பழைய சம்பளப் பதிவேட்டில் இருந்தால், அதையே குடியிருப்புச் சான்றாக ஏற்க என்ன தடை?