20 ஜீனும் ஒண்ணுக்கொண்ணு ஸ்பேரா?
மேல ஒருத்தர் "புரோட்டீன்ல சர்க்கரை ஒட்டுற ஜிஏஎல்என்டி குடும்பத்துல மனுஷனுக்கு 20 ஜீன் இருக்கு, எல்லாம் ஒரே வேலை, ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கும், மிச்சமெல்லாம் பரிணாமத்துல தேங்கின குப்பை"ன்னு போட்டிருக்கார். 20ங்கறது சரி, புரோட்டீன்ல இருக்கற செரீன் இல்லன்னா திரியோனின்ங்கற அமினோ அமிலத்துல முதல் சர்க்கரையை வைக்கிறதும் சரிதான், ஆனா மிச்சம் தப்புங்க. ஜிஏஎல்என்டி3ஐயே எடுத்துக்கங்க, ரத்தத்துல பாஸ்பேட்டைக் குறைக்கிற எஃப்ஜிஎஃப்23ங்கற ஹார்மோன்ல 178ஆவது இடத்து திரியோனின்ல சர்க்கரை வைக்கிறது அதுதான், அந்த ஜீனோட ரெண்டு காப்பியும் கெட்டுப்போனா அந்த ஹார்மோன் வேலை செய்யறதுக்கு முன்னாடியே வெட்டுப்பட்டுடும், ரத்தத்துல பாஸ்பேட் ஏறி மூட்டைச் சுத்தி கால்சியம் கட்டி கட்டியா சேருது, பாக்கி 19 இருந்தும் காப்பாத்தல. பழ ஈயில கூட இந்தக் குடும்பத்துல பிஜிஏஎன்டி35ஏன்னு ஒரே ஒரு ஜீனை எடுத்தா பூச்சி பிழைக்காது.

ஆமா, இதெல்லாம் ஒரு பழைய ஜீன்ல இருந்து நகலாகி நகலாகி வந்ததுதான், நெருங்கின சொந்தங்கள்ல இன்ட்ரான் (ஜீனுக்கு நடுவுல வந்து, புரோட்டீன் செய்யறதுக்கு முன்னாடி வெட்டி எடுக்கப்படுற துண்டு) விழுற இடம் கூட ஒத்துப்போகுது. ஆனா நகலானதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் எந்த திசுவுல இயங்கணும், எந்த புரோட்டீனைப் பிடிக்கணும்னு பிரிஞ்சு போச்சு, சிலது ஏற்கனவே பக்கத்துல சர்க்கரை ஒட்டியிருந்தாதான் அடுத்ததை நல்லா ஒட்டும். சில புரோட்டீன்ல ஒண்ணு இன்னொண்ணுக்கு ஈடு குடுக்கும்தான், அதை வெச்சு மொத்தக் குடும்பத்தையும் குப்பைன்னு எழுதாதீங்க ப்ளீஸ், படிக்கிற பசங்க அப்படியே நம்பிடுவாங்க.