எழுதத் தெரியாதவர்களும் கடிதம் போட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மண்டபத்தில் நடந்த தபால் கண்காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நானும் போயிருந்தேன். மூன்றாவது பலகையில் இருந்த அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. மலாயாவின் தோட்டப் பாட்டாளிகளுக்கு எழுத்தறிவு இல்லாததால் அந்தக் காலத் தபால், தந்திச் சேவை வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும் வணிகர்களுக்குமே பயன்பட்டதாம். கண்காட்சி நடத்தியவர்களிடம் கேட்கப் போனால், "உண்மையைத்தானே போட்டிருக்கிறோம், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?" என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கேட்டீர்கள்.

வருத்தப்பட இருக்கிறது. ஏனென்றால் அது உண்மை இல்லை. எழுதத் தெரியாதவர்களும் கடிதம் போட்டார்கள். மாதா மாதம் போட்டார்கள்.

என் பாட்டிக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் எழுதுவானாம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளிகள் எப்படி இருந்தன என்பது வேறு கதை. ஆனால் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையன் இருந்தால் போதும், அந்த லயம் முழுவதற்கும் அவன்தான் எழுத்தர். பையன் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "நான் சொன்னது இது இல்லையே" என்று பாட்டி திருத்தச் சொல்வாராம்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அம்மா போட்ட கடிதம் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறோம். எழுத்து யாரோ ஒருவருடையது. ஆனால் கடைசி வரிக்குக் கீழே நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. கடிதம் தன்னுடையதுதான் என்று மகளுக்குத் தெரிவதற்காக அந்த அம்மா வைத்தது. ரேகையின் ஓரத்தில் விரல் கொஞ்சம் நகர்ந்து மை இழுத்திருக்கிறது. பாட்டி அந்த இடத்தில்தான் கை வைத்துப் பார்ப்பார். இவர்களுக்குத் தபாலால் பயன் இல்லை என்றால் யாருக்குப் பயன்?

கம்பியும் ரயிலும் நமக்காகப் போட்டதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 1870–71இல் மதராஸிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டது வியாபாரத்துக்கும் அரசாங்கத்துக்கும்தான். தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு (இன்றைய தெலுக் இந்தான்) 1893இல் ரயில் வந்ததும் அப்படித்தான். அதைத் தாண்டி, பேராக் ஆறும் பெர்னாம் ஆறும் கடலில் சேரும் நம் பக்கத்துக்குச் சேறும் படகும்தான். ஆனால் யாருக்காகப் போட்டார்கள் என்பது ஒன்று, யார் பயன்படுத்தினார்கள் என்பது வேறு. மணியார்டர் ஜன்னலில் வரிசையில் நின்றது யார்? சம்பள நாளுக்கு அடுத்த நாள் தெலுக் ஆன்சனுக்கு நடந்தும் படகிலும் போனது யார்? 1920களின் கடைசியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயித்தார்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். 40 காசு என்றே வைத்துக்கொண்டாலும், பாட்டி ஊருக்கு 5 வெள்ளி, அதாவது 500 காசு, அனுப்பப் பன்னிரண்டு நாளுக்கு மேல் பால் வெட்ட வேண்டும். வெட்டினார். அனுப்பினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முத்திரை குத்திய குமாஸ்தாக்களிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களையும் பலகையில் காணோம்.

"நல்ல முயற்சி, ஏன் குறை சொல்கிறாய்?" என்று சிலர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள். நல்ல முயற்சிதான். வரி தப்பு.

"ஆதாரம் எங்கே?" என்று கேட்டவருக்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஐயா, ஆதாரம் தகரப் பெட்டியில் இருந்தது. தோட்டத்தை விற்று எங்களைக் காலி செய்யச் சொன்னபோது ஒரு வாரம்தான் தவணை கொடுத்தார்கள். லாரியில் ஏற்றியது கட்டில், பீரோ, சாமி படம். பழைய காகிதங்களை எல்லோரும் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். நாங்களும்தான் கொளுத்தினோம். அடுக்குமாடி வீட்டில் வைக்க இடம் ஏது? எத்தனை மணியார்டர் ரசீது, எத்தனை கடுதாசி அந்தப் புகையில் போயின என்று யாருக்குத் தெரியும்? துரையின் கடிதங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எங்கள் கடிதங்கள் எரிந்துபோயின. எரிந்துபோனதால் எழுதவே இல்லை என்று ஆகிவிடுமா?

1891இல் வந்த சிலாங்கூர் புலித் தபால்தலையைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருந்தீர்கள். அழகாகத்தான் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் "டாய் நிப்பான் 2602" (ஜப்பானியக் கணக்கில் 1942) என்று அடித்த தபால்தலையும் இருந்தது. அதன் முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. 1942க்குப் பிறகு ஊருக்கும் இங்கேக்கும் இடையே கடிதம் நின்றுபோனது. பாட்டியின் அம்மா 1943இல் இறந்துவிட்டார். பாட்டிக்குத் தெரிந்தது 1946இல், போர் முடிந்து தபால் திரும்ப ஓடத் தொடங்கியபோது. அந்த மூன்று வருடமும் தீபாவளிக்கு விளக்கு ஏற்றி, அம்மா நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டிருக்கிறார். செய்தி வந்த அன்று, "இத்தனை நாள் யாருக்காக விளக்கு வைத்தேன்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாள் வழக்கம்போலக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவார்.

தபால் நின்றால் என்ன ஆகும் என்று இந்த நாட்டில் எங்களைவிட யாருக்குத் தெரியும்? எங்களைப் போய்த் தபாலுக்கு வெளியே நிறுத்திவிட்டீர்களே. எழுதத் தெரியாதது எங்கள் பாட்டிகளின் குற்றமா? பள்ளியைச் சரியாக நடத்தாதவர்களைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு சொல் இல்லை.

சரி. அடுத்த மாதம் இதே பலகைகள் தெலுக் இந்தானுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வைக்க ரேகை வைத்த கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும்.