உரிமம் ஒன்று, அனுமதி வேறு

இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் நாள் கட்டணம் கட்டினாலே ட்ரவுட் மீன் பிடிக்கலாம் என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். கரை உரிமையாளருக்குக் கொடுப்பது இடத்துக்கான பணம். 13 வயது நிரம்பியவர்களுக்கு அரசின் தூண்டில் உரிமம் தனியாக வேண்டும்.

முன்பதிவுக்கு முன் விதிகளைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் வீசும் டிரை ஃப்ளை (நீரில் மிதக்கும் செயற்கை ஈ) மட்டுமே. நீருக்குள் மூழ்கும் செயற்கை ஈயான நிம்ஃபுக்குப் பெரும்பாலும் ஜூலை வரை காத்திருக்க வேண்டும். எத்தனை மீனை எடுத்துப்போகலாம், நீரில் இறங்கலாமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். மே கடைசியில் மேஃப்ளை என்ற பூச்சி பறக்கும் நாட்களுக்குக் கட்டணம் கூடுதல்.

வளர்த்து விட்ட மீன் சுலபம் என்று நம்பி வருபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இழுவையால்தான். நீரோட்டம் நூலை இழுத்து, ஈ மிதக்கும் வேகம் மாறியதும் மீன் விலகிவிடும். வீசியவுடன் நூலை நீரோட்டத்தின் மேல்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு பவுண்டு மீனுக்கு மிக மெல்லிய 7எக்ஸ் டிப்பெட் (ஈயைக் கட்டும் நுனி இழை) வேண்டாம், அறுந்துவிடும், அதைவிடத் தடிமனான 5எக்ஸ் போதும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பணம் கட்டியிருந்தாலும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அந்தச் சூட்டில் விடுவிக்கும் மீன் இறந்துபோகும் ஆபத்து கூடுதல்.