ஒரு வரிகூட எழுதாம எப்படிய்யா மார்க் போட்டீங்க?

பிளாக் கிட்ஸ்ங்கற அமெரிக்க பேண்டோட முதல் ஆல்பம், 'பார்ட்டி ட்ரோமாடிக்', என் போன்ல ஓடிக்கிட்டிருக்கு. பக்கத்து சீட்டுக்காரர் என் போனை எட்டிப் பார்த்துட்டு, "இது 3.3 வாங்கின ஆல்பம்தானே?"ன்னார். கேட்டிருக்கீங்களா சார்னா, இல்லையாம். மார்க் மட்டும் தெரியுமாம்! 2008-ல் போட்ட மார்க்கு, இன்னமும் அதை ஒப்பிச்சுக்கிட்டு அலையறாங்க.

அந்த விமர்சனம் ஞாபகம் இருக்கில்ல? பிட்ச்ஃபோர்க்ங்கற அமெரிக்க இசை விமர்சனத் தளம் போட்டது. பத்துக்கு 3.3. எழுத்து இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பக் நாய்களோட படம். அதுல "ஸாரி"ன்னு ஒரு வார்த்தை, பக்கத்துல ஒரு கோணவாய் ஸ்மைலி. முடிஞ்சது. கிதார் எப்படி, குரல் எப்படி, எந்தப் பாட்டு சொதப்பல், எது தேறும், எதுவுமே கிடையாது. ஒரு பேண்டோட முதல் ஆல்பத்துக்கு நாய்ப் படம்! யாருக்கு ஸாரி? பேண்டுக்கா? காசு கொடுத்து வாங்கின ரசிகனுக்கா? இல்ல, முந்தின வருஷம் நீங்களே தலையில தூக்கி வச்சு ஆடினதுக்கா?

ஆமா, ஆடினது நீங்கதான். 2007-ல் ஃப்ளோரிடா ஜாக்சன்வில்லிலிருந்து அஞ்சு பேர், ரெஜி யங்பிளட், அவர் சகோதரி அலி, இன்னும் மூணு பேர், நாலு பாட்டை ரெக்கார்ட் பண்ணி, அப்ப பிரபலமா இருந்த மைஸ்பேஸ் தளத்துல இலவசமா போட்டாங்க. அந்தக் குட்டித் தொகுப்போட பேரு 'விசர்ட் ஆஃப் ஆஹ்ஸ்'. அதுக்கு 8.4 போட்டது யாரு? இதே பிட்ச்ஃபோர்க்! அந்த நாலு பாட்டும் 'பார்ட்டி ட்ரோமாடிக்' ஆல்பத்துல அப்படியே இருக்கு. புதுசா ரெக்கார்ட் பண்ணினாங்க, சரி. ஸ்வேட்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டுல கிதார் வாசிச்ச பெர்னார்ட் பட்லர் தயாரிச்சார், சத்தம் பளபளன்னு ஆயிடுச்சு, பழைய கரடுமுரடு போயிடுச்சு. அதைச் சொல்லலாமே! ரசிகர்களே அதைச் சொல்லிச் சண்டை போட்டாங்க. "டெமோதான் (அந்த முதல் இலவச ரெக்கார்டிங்தான்) உயிரு"ன்னு ஒரு கோஷ்டி, "இப்பதான் பாட்டே காதுல விழுது"ன்னு இன்னொரு கோஷ்டி. நான் ரெண்டாவது கோஷ்டி. 'ஹரிக்கேன் ஜேன்' ஆல்பத்துலதான் எனக்கு உள்ளே இறங்குச்சு. ஆனா அந்தச் சண்டை நியாயமான சண்டை. ரெண்டு பக்கமும் பாட்டைக் கேட்டவங்க பேசினது.

அஞ்சு மார்க்குக்கு மேல இறங்கியிருக்கு. ஏன் இறங்குச்சுன்னு ஒரு பத்தி எழுதக் கை வலிச்சுதா? மட்டமான ஆல்பம்னு நாலு பக்கம் திட்டி எழுதியிருந்தா நானும் உட்கார்ந்து வரிக்கு வரி பதில் சொல்லியிருப்பேன். நாய்ப் படத்துக்கு என்னன்னு பதில் சொல்றது? பரீட்சைத் தாளில் மார்க்கை மட்டும் போட்டு மூஞ்சியில வீசி எறியற வாத்தியார் மாதிரி. எங்கே தப்புன்னு ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

இங்கிலாந்து விற்பனைப் பட்டியல்ல அதே ஆல்பம் அஞ்சாவது இடம் வரைக்கும் போச்சு. 'ஐ'ம் நாட் கோனா டீச் யுவர் பாய்ஃப்ரெண்ட்' பாட்டு 11-வது இடம். மத்த இடங்கள்ல பல விமர்சகர்கள் நல்லாவே எழுதினாங்க. அதையெல்லாம் யாராவது ஞாபகம் வச்சிருக்காங்களா? நாய்ப் படம் மட்டும் மனப்பாடம். முந்தின நாள் வரைக்கும் "எங்க பேண்டு"ன்னு மார் தட்டினவங்க மறுநாள் "நான் அப்பவே சொன்னேன்"னு கிளம்பினாங்க பாருங்க, அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறலை. முதல் ஆல்பம்யா அது! கைதூக்கி விட வேண்டாம், காது கொடுத்திருக்கலாம் இல்ல? ரெண்டாவது ஆல்பம் வர 2017 ஆச்சு. ஒன்பது வருஷம்!

பாட்டைக் காது கொடுத்துக் கேட்காம ஒதுக்கறது அங்கே மட்டும் இல்லை, இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். தியேட்டர்ல பாட்டு ஆரம்பிச்சதும் பாப்கார்ன் வாங்க எழுந்து என் காலை மிதிச்சுக்கிட்டுப் போறவங்களே, ஒரு மெட்டுக்குப் பின்னாடி எத்தனை பேர் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கீங்களா? உட்காருங்கய்யா!