சூடாக்குவது காந்தத்தன்மை அல்ல

‘இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் காந்தத்தன்மையால்தான் அண்மை அகச்சிவப்பு ஒளியில் சூடாகின்றன’ என்று பரவும் விளக்கம் தவறு. காந்தவழிச் சூடேற்றத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் திசைமாறும் காந்தப்புலம் வேண்டும். அண்மை அகச்சிவப்பு ஒளி தரும் 808 நானோமீட்டர் லேசருக்கு அது தேவையில்லை. மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடில் அருகருகே உள்ள இரும்பு(2), இரும்பு(3) அயனிகளுக்கிடையே எலக்ட்ரான் தாவ, ஒளி உறிஞ்சப்படுகிறது. அந்த ஆற்றல் படிக அதிர்வாகி, சுற்றியுள்ள நீருக்கு வெப்பமாகச் சேர்கிறது.

கறுப்பாக இருந்த கூழ்மம் (துகள்கள் கலந்த நீர்) காற்றுப்பட்டுப் பழுப்பானால், அதிலுள்ள மேக்னடைட் இரும்பு(2) இல்லாத ஆக்சைடான மேகமைட்டாகிறது. காந்தம் அதை அப்போதும் இழுக்கும். லேசரில் சூடேறுவதோ வெகுவாகக் குறையும். மறுப்புக்கு இதுவே போதும்.

சோதிப்பவர்கள் துகளில்லாத நீரையும் அதே லேசரில் வைத்து ஒப்பிட வேண்டும்; 980 நானோமீட்டரில் நீரே நன்றாகச் சூடாகும். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் முனை ஒளிக்கற்றையில் பட்டால் அது தானே சூடாகி, அளவைக் கூட்டிக் காட்டும்.